ஊசியிடம் சொன்ன செய்தி

ஊராரை வாயைத் திறக்கச் சொல்வதுதான் பல் வைத்தியரின் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலோ எல்லாரையும் மூடச் சொன்னார். ரெக்கார்டு பிளேயருக்கு, ஊசியைத் தாங்கும் புது கார்ட்ரிட்ஜ் மாட்டிய நாளிலிருந்து பிடித்த சனி அது.

"இங்க பாரு, தட்டுல இருக்குற கோடு நெளிஞ்சு நெளிஞ்சு போகும். அதுல ஓடுறப்ப ஊசி ஆடும். ஊசி ஆடினா அதோட வால்ல இருக்குற குட்டிக் காந்தமும் ஆடும். பக்கத்துலயே கம்பிச் சுருள். காந்தம் ஆட ஆட, சுருள்ல துளியூண்டு கரண்டு வரும். அதைப் பெருசாக்கினா பாட்டு" என்று மனைவிக்கு வகுப்பெடுத்தார். "ஆனா பாட்டு எது, உன் தையல் மிஷின் எதுன்னு ஊசிக்குத் தெரியாது. யார் ஆட்டினாலும் ஆடும்."

முதலில் தையல் மிஷின் நின்றது. அவள் தையல்காரி, பாதி தைத்த சட்டைகள் மூலையில் மலையாய்க் குவிந்தன. அடுத்து ஃபிரிட்ஜ் நின்றது. மாடியில் இருந்த அவள் தம்பிக்குக் கொஞ்சம் கனத்த உடம்பு. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றதும் கோபித்துக்கொண்டு வீட்டையே காலி செய்தான். அவள் தலையணைகளைப் பரப்பி, அவற்றின் மேல் நடந்து சமையலறைக்குப் போய் வந்தாள். அவர் தட்டைச் சுற்றவிடாமல் ஊசியைச் சும்மா அதன்மேல் வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகி, கண்ணை மூடி வீட்டையே கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

அவள் வாயெடுத்தாலே கையைக் காட்டி அடக்குவார். துணிப்பெட்டியோடு எதிரில் வந்து நின்றும் பார்த்தாள். மனுஷர் கண் திறக்கவில்லை. 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைப் பிரித்துவிடுவாள். அதற்காகத்தான் கட்டியதே.

கடைசியில் குனிந்து, ஊசியருகே வாயை வைத்தாள்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

இரண்டு ஸ்பீக்கரிலும் குரல் கணீரென்று வந்தது. அவர் துள்ளி எழுந்தார். அவள் பெட்டியின் மூடியில் கை வைத்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் கம்மியா வருதே! எங்க, இன்னொரு தடவை சொல்லு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு வார்த்தை மாறாமல் மறுபடி சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவர் கார்ட்ரிட்ஜின் திருகாணியை மெல்லத் திருப்பினார். முகம் பூரித்துப்போயிற்று.

"ஆங், இப்பத்தான் சரியா இருக்கு!"

"சரியா இருக்குல்ல? அப்ப நான் கிளம்புறேங்க" என்றாள். இதை ஊசியிடம் சொல்லவில்லை, அவரிடமே சொன்னாள். அவர் காதில் விழவில்லை.