பலாலிக்கு ஒரு மணி நேரம்

செல்லசாமிக்கு இந்தியா என்றால் மூன்று நாள் தூரம். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, அக்கா சண்முகவடிவு கல்யாணமான கையோடு அட்டன் ஸ்டேஷனில் ஒப்பாரிக் கோச்சி ஏறினாள். இலங்கைத் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குப் போகிறவர்களை ஊரே நின்று அழுது அனுப்பியதால் அந்த ரயிலுக்கு அப்படியொரு பெயர். மூன்று நாளைக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தார்கள். தலைமன்னார் வரை ரயில், அப்புறம் கப்பல். இரண்டு கடிதம் வந்தது. அக்கா வரவில்லை.

அதனால்தான் மகள் லோஜினி திருச்சிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது, முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பையன் பிரதாப்பிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வருடம் தன் அப்பா பிறந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, தேடி இவர்கள் இருக்கும் டயகமவுக்கு வந்தவன். வழிகாட்டப் போன டீச்சர் லோஜினியைப் பார்த்ததும் லயத்தை மறந்துவிட்டான் என்று செல்லசாமியின் மனைவி பூரணி சொல்லிச் சிரிப்பாள்.

லோஜினி ஃபோனைக் காட்டினாள். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரம். செல்லசாமி நம்பவில்லை. அதைவிடக் கிட்ட இருக்கும் கொழும்புக்கே அட்டன் பஸ் ஐந்து மணி நேரம் எடுக்கிறதே.

நேரில் வந்து பேசுவதாக பிரதாப் சொன்னான்.

புதன்கிழமை பகல், விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. செல்லசாமி வெற்றிலை வாங்க அக்கரப்பத்தனை டவுனுக்கு இறங்கினார். கடையில் கொஞ்சம் பேச்சு, வழியில் கொஞ்சம் மழை. வீட்டுப் படி ஏறும்போது மகள் ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தாள். பலாலியில் இறங்கிப் பெட்டிக்காக நிற்கிறானாம்.

"நான் வெத்தல வாங்கிட்டு வர்றதுக்குள்ளயா?"

"நீங்க கத பேசாம வந்திருந்தா ஒருவேள முந்தியிருப்பீங்க" என்றாள் பூரணி.

பலாலியிலிருந்து லயத்துக்கு வந்து சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. மூன்று பஸ் மாறி முகம் வெளுத்து வந்தவனுக்குப் பூரணி தேத்தண்ணி வைத்தாள். அவன் தொடவில்லை. பெண் தருகிறோம் என்று சொல்லும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாதென்று அவன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கப்பில் ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. லோஜினி கதவோரத்தில் அப்பாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

பேச்சை எங்கே தொடங்குவதென்று தெரியாமல் செல்லசாமி, வழியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

பிரதாப் பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்தான். "ஃப்ளைட்ல பசிக்கும்னு அம்மா கட்டிக் குடுத்தாங்க மாமா. பிரிக்கிறதுக்குள்ள இறங்கச் சொல்லிட்டாங்க. அப்புறம் உங்க மலை வளைவுல சாப்பிடுற எண்ணமே வரல."

செல்லசாமி பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது. அன்றைக்கு அக்காவின் ரொட்டி மூட்டையை ஸ்டேஷன் வரை சுமந்தது அவர்தான். அந்தக் கனம் இன்னும் தோளில் இருந்தது. இது உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

நூலை அவிழ்த்து, ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். லோஜினி கதவைப் பிடித்திருந்த கையை விட்டாள்.

"கடல் தாண்டுறது தூரமில்ல தம்பி, இந்தப் பக்கந்தான் தூரம்" என்றார் செல்லசாமி. "புள்ளயக் கூட்டிட்டு வர்றப்பல்லாம் சொல்லிருங்க. பலாலிக்கு நான் வந்து நிக்கிறேன்."

பூரணி சூடாக வேறு தேத்தண்ணி ஊற்ற எழுந்தாள். பிரதாப் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. ஆறிப்போனதையே எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.