கழுவிய ஜாடி

திறப்பு விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஒயினின் வரலாற்றுக்கென்று அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தையே ஒதுக்கி, கல்தொட்டியில் திராட்சை மிதித்த காலம் முதல் கண்ணாடிப் புட்டிக்குத் தக்கை அடைத்த காலம் வரை வரிசையாக அடுக்கிவிட்டார்கள். வரிசையில் முதலாவது ஓர் இடுப்பு உயர மண்ஜாடி. 'உலகின் மிகப் பழைய ஒயின் ஜாடிகளில் ஒன்று' என்று அட்டையும் அச்சடித்தாயிற்று. சோதனைக்கூடத்துக்காரி ஒப்புதல் கையெழுத்துப் போடாமல் எதையும் வைக்க முடியாது. அவளோ போட மாட்டேன் என்று நின்றாள்.

"மூணு தடவை சுரண்டிப் பார்த்துட்டேன் சார். ஒயின் இருந்ததுக்குத் தடயமே இல்ல. தோண்டி எடுத்த புதுசுல யாரோ அமிலம் ஊத்தி உள்ளே தேய்ச்சிருக்காங்க."

"யாரோ என்னம்மா யாரோ? உன் மாமியார்தான்," என்றார் இயக்குநர். "பேசாம கையெழுத்தப் போடு. குடும்ப மானமாவது மிஞ்சும்."

அவளுக்குச் சுருக்கென்றது. மாமியார் அங்கே கழுவும் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். மருமகள் துலக்கிய டம்ளரை இன்றைக்கும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவள். அந்தக் கையில் அகப்பட்ட ஜாடியில் எதுதான் மிஞ்சும்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடம் முழுசாகத்தான் இருந்தது, உள்ளே இருந்த பொன்தான் போய்விட்டது. பயமாக இருந்தாலும், ஊரார் வாயால் தெரிவதற்குள் தானே சொல்லிவிடுவது என்று அன்று சாயங்காலமே அடுப்படியில் போய் நின்றாள்.

கேட்டதும் மாமியார் கையிலிருந்த பாத்திரம் தேய்க்கும் நாரைக் கீழே போட்டாள்.

"கழுவச் சொன்னாங்க, கழுவினேன். அடியில செக்கச்செவேல்னு அப்பியிருந்துச்சு. ஒரு நாள் பூரா தேய்ச்சேன்டி! பெரிய அதிகாரி வந்து பார்த்துட்டு, புதுசு மாதிரி இருக்கேன்னு மெச்சினார்." பிறகு குரல் இறங்கியது. "அது ஒயினாத்தான் இருக்கும். கண்ணால பார்த்தேன்னு நான் வந்து சாட்சி சொல்றேன். நீ கையெழுத்துப் போட்டுடு."

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கையெழுத்தில் வீட்டிலும் வேலையிலும் நிம்மதி.

"செம்மண்ணும் சிவப்புதான் அத்தை. நீங்க பார்த்ததை எழுதறேன். ஒயின்னு எழுத மாட்டேன்."

"அப்ப என் பேரு நாறட்டும்ங்கற?"

"உங்களைச் சொல்ல மாட்டேன். அருங்காட்சியகம் கழுவிடுச்சுன்னு போட்டுக்கறேன்."

மாமியார் முறைத்தாள். அழப்போகிறாளோ என்று மருமகள் பயந்தாள்.

"அருங்காட்சியகத்துக்கு ஏதுடி கை? எழுதறதுன்னா ஒழுங்கா எழுது. பேனாவை எடு."

மறுநாள் புது அட்டையைப் பார்த்து இயக்குநர் குதியாய்க் குதித்தார். இந்த அட்டை இல்லாவிட்டால் கையெழுத்தும் இல்லை என்றாள் அவள். முதல் ஜாடி இல்லாமல் விழா நடத்த அவருக்குத் துணிவில்லை.

'இந்த ஜாடியின் அடியில் சிவந்த படிவு இருந்தது. கழுவச் சொன்னது அருங்காட்சியகம். ஒரு நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவியவர், இங்கே முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு பெண். அது ஒயினா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.'

விழா அன்று கூட்டம் மற்ற காட்சிப்பொருள்களை விட்டுவிட்டு அந்த அட்டை முன்னால்தான் நின்றது. யார் அந்தப் பெண் என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான்," என்று மாமியார் முன்னால் வந்து நின்றாள்.