குளிர் விடுகிற வரைக்கும்

நடுங்கிக்கொண்டிருக்கிறது, கோத்தகிரிப் பனியில் அந்தப் பழைய காரின் பானெட், காய்ச்சல்காரன் முதுகுபோல, உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஞானசிகாமணி, பக்கத்தில் மனைவி லில்லி, கண்புரை ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போகவேண்டும், மடியில் மருந்துப் பை, என்னங்க இந்த ஆட்டம் ஆடுது, பஸ்ஸுலயே போயிரலாமே, குளிர் லில்லி, உலோகம் சுருங்கும், சூடேறினா தானா அடங்கும், இதைச் சொல்லும்போதே கண்முன் பெஞ்சுகள் எழும்புகின்றன, அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போக வரிசை வரிசையாகத் தலைகள் சாய்ந்த பெஞ்சுகள், அங்கே ஒருவரும் கேள்வி கேட்டதில்லை, தன் விளக்கம் அவ்வளவு தெளிவு என்றுதான் நினைத்தார், இன்னும் நினைக்கிறார்.

சோக் இழுத்துப் பார்த்தாயிற்று, பிளக்கைத் துடைத்தாயிற்று, ஐட்லிங் திருகை இரண்டு பக்கமும் திருகியாயிற்று, காலை நடுக்கம் போகவில்லை, என்ஜினைப் பிரித்துச் சேர்த்த மெக்கானிக் குப்புராஜை நேற்று ஃபோனில் கூப்பிட்டு வெப்பவியலில் தொடங்கினார், அவன் நடுவில் புகுந்து, சார், எங்கியோ காத்து இழுக்குதுங்க, என்ஜின்லருந்து பிரேக்குக்கு ஒரு ரப்பர் ட்யூப் போகும், பழசையே மாட்டிட்டனுங்க, குளுருல வெறச்சா வெடிப்பு வாயப் பொளக்கும், வண்டி ஓடுனா ஆட்டம் மறையும், ஆனா ஓட்டை அடையாதுங்க, பிரேக்குக்கு வலு வராது, பிரேக்கு மிதிச்சாக் கல்லாட்ட இருக்குதுங்களா என்றான். இருந்தது, பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்த அன்றைக்கே வளைவுக்கு வளைவு தொடை கடுக்க மிதித்தார், ஆனால் அது கார் சமாசாரமா, அவருடைய வலது முட்டி அல்லவா, வயது அல்லவா, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்த்து, லில்லிக்கு வாசம் தெரியாமல் சோப்புப் போட்டுக் கழுவுகிற ரகசியம் அல்லவா, அதைப் போய் ஒரு பட்டறைக்காரனிடம் அவிழ்ப்பதா, பிரேக் பிரமாதம்ப்பா என்றார், வகுப்பறைக் குரல் தானாக வந்தது, அப்பச் சரிங்க சார் என்றான் குப்புராஜ், அவனும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

இறங்குகிறார்களா, இன்னும் வாசலில்தான் நிற்கிறார்களா, மேகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வருகிறது, தடுப்புச் சுவர் உடைந்த ஓர் இடத்தில் யாரோ சாத்திய சாமந்தி மாலை, வெள்ளையா ஏதோ தெரியுதே, புகையாங்க, மேகமாங்க என்கிறாள் லில்லி, மேகம்தான் என்கிறார், மாலையைச் சொல்லவில்லை, ஓட்டத்தில் என்ஜின் சூடேறி நடுக்கம் மறைந்துபோயிருக்கிறது, பாத்தியா, நான் சொல்லல, அடங்கிருச்சு, நீங்க சொன்னா சரிதாங்க, கொஞ்சம் மெதுவாப் போங்களேன், போறேன், போறேன், அடுத்த வளைவைத் திரும்பியதும் முன்னால் தேயிலை மூட்டை லாரி ஊர்ந்துகொண்டிருக்கிறது, மிதிக்கிறார், கல், பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறார், கல், கியரைக் குறைக்கிறார், என்ஜின் அலறுகிறது, போதவில்லை, இடது காலையும் தூக்கி வலது காலோடு சேர்த்து வைத்து மிதிக்கிறார், இடது முட்டிக்கு எந்த நோவும் கிடையாது, அதன் கீழும் அதே கல், வாழ்நாளில் அவர் செய்த ஒரே சுத்தமான பரிசோதனை, லில்லி, எனக்கு முட்டியில ஒண்ணுமில்ல, என்கிறார், என்னங்க சொல்றீங்க, எந்த முட்டி, என்று அவள் புரைக் கண்களை அவர் பக்கம் திருப்புகிறாள், ஹேண்ட்பிரேக்கை இழுக்கிற கையும் பெடலில் நிற்கிற கால்களும் கிடுகிடுவென்று ஆடுகின்றன, பானெட் மட்டும் துளி அசைவில்லாமல், வழுவழுவென்று, லாரியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.