கயிற்றில் கட்டிய பெற்றோர்

ஒஹாயோவின் மேப்பிள் ரன் பூங்காவில், அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றின் காலை ஆட்டத்தில், காப்பீடு விற்கும் கிரெய்க் லிண்ட்க்விஸ்ட் தன் மடக்கு நாற்காலியோடு தரையிலிருந்து முழங்கால் உயரம் எழும்பினார். "பிரென்னா, முன்னாடி போ" என்று மகளைப் பார்த்துக் கத்தியதில் ஒரு சாண். "அங்க இல்ல, இங்க" என்றதில் இன்னொரு சாண். கையிலிருந்த காபி சிந்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் நாய்களைச் சற்று நகர்த்திக் கட்டினார்கள்.

அது பொழுதுபோக்குக் கால்பந்து. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். ஆளுக்குப் பாதி ஆட்டம் கட்டாயம். பருவ முடிவில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் பந்தைத் தொட்டே இராதவருக்கும் ஒரே அளவு கோப்பை. ஆனால் திறமையுள்ள பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் ஆள் அனுப்பிக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதாகக் கிரெய்க் நம்பினார். பிரென்னா வேண்டியதெல்லாம் கோல் கீப்பராக நிற்பதுதான். ஓடுவது அவளுக்குச் சலிப்பு. தன்னைத் தேடி நேரே வரும் பந்துதான் அவளுக்குப் பிடிக்கும். பயிற்சியாளர் டுவெய்ன் வாய் திறப்பதற்குள் கிரெய்க்கின் கட்டளை முந்திவிடும்.

"கோல் கீப்பருக்கு எவன் ஸ்காலர்ஷிப் தரான்?" என்றார் காரில். "உன்மேல பந்தடிக்கிறதுக்கு நீயே போய் நிப்பியா?"

"நீங்க கத்துறதுக்கு அது பரவால்லப்பா."

லீக் குழு கூடியது. தலைவி மார்சியா டன்லீவி விதிகளை முழுக்க வாசித்தார். பெற்றோர் மைதானக் கோட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்றிருந்தது. உயரம் பற்றி ஒரு வரியும் இல்லை. "தள்ளித்தானே இருக்கார், விடுங்க" என்று தீர்ப்பாயிற்று. தம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்று மற்றவர்களும் கத்தி எழும்பினார்கள். வழக்கறிஞர் ஒருவர் ஐஸ் பெட்டியோடு மேலே போனார். தாழ மிதந்தவர்களுக்குப் பிள்ளைமேல் அக்கறை போதாது என்று உயர மிதந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆண்டுதோறும் வரும் மௌனச் சனிக்கிழமையன்று, கத்தாமலிருக்க வழக்கம்போல் பெற்றோருக்கு ஆளுக்கொரு குச்சி மிட்டாய் தரப்பட்டது. வாயில் வைத்ததும் ஒவ்வொருவராகத் தரையிறங்கினார்கள். அந்த அமைதியில் டுவெய்னின் குரல் முதல் தடவையாக அவருக்கே கேட்டது. "கோல் கீப்பரா யாரு நிக்கிறீங்க?" என்றார். பிரென்னா கையுறை மாட்டினாள். வந்த பந்தையெல்லாம் பிடித்தாள். கடைசிப் பந்துக்கு அவள் குனிந்தபோது கிரெய்க் மிட்டாயை நொறுக்கி விழுங்கிவிட்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கத்தினார். அவள் திரும்பிப் பார்த்தாள். பந்து வலைக்குள் போயிற்று. அவர் மரங்களுக்கு மேலே போனார். தீயணைப்பு வண்டி வந்து இறக்க மாலையாயிற்று.

அடுத்த பருவத்திலிருந்து பெற்றோரைக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டுவது விதியானது. பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரட்டும் என்று அந்த வேலையை அவரவர் பிள்ளையிடமே குழு ஒப்படைத்தது. நடுவர் பிள்ளைகளின் ஷின் பேட் என்னும் கால் காப்பைத் தட்டிப் பார்ப்பதுபோல் முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுவார்.

முதல் ஆட்டத்தன்று, தொடங்குமுன்பே கத்தி எழும்பிவிட்ட அப்பாவின் கயிற்றைப் பிரென்னா மெல்ல விட்டாள்.

"போதும்மா, கட்டு" என்றது மேலிருந்து அவர் குரல்.

இன்னும் விட்டாள்.

"பிரென்னா, இங்கேருந்து நீ சரியாத் தெரியல."

இன்னும் கொஞ்சம். குரல் கொசுச் சத்தமாகி, பிறகு அதுவும் அற்றுப்போனதும், இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டு டுவெய்னிடம் போய்க் கையுறையைக் கேட்டாள். நடுவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். முடிச்சு உறுதியாக இருந்தது.