மூத்த மிஸ் ஹால்ஸ்டெட்

டெர்பிஷையர் மாளிகையில் படப்பிடிப்பு தொடங்கிய நாளிலிருந்தே மார்ஜரிக்கும் இயக்குநர் பியர்ஸுக்கும் ஆகவில்லை. விக்டோரியா காலத்து நாவல் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் மார்ஜரிக்குக் கல்யாணமாகாத அக்கா வேடம். வருஷக்கணக்கில் சும்மா இருந்தவளுக்குக் கிடைத்த வேடம், அதனால் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாவலில் அக்கா பக்கம் பக்கமாகப் பேசுவாள். பியர்ஸ் ஒவ்வொரு வசனமாக வெட்டி, கடைசியில் அவளை மூலையில் உட்கார்ந்து தைக்க விட்டுவிட்டான்.

அன்று தங்கை லெட்டியைப் பெண் கேட்கும் காட்சி. லெட்டியாக நடிக்கும் டாம்சின் வசனத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“மிஸ் லெட்டின்னா ஏதோ நாய்க்குட்டியக் கூப்பிடற மாதிரி இருக்கு. மிஸ் ஹால்ஸ்டெட்னே சொல்லட்டுமே.”

“மாத்திடலாம்,” என்றான் பியர்ஸ்.

“வெறும் குடும்பப் பேரச் சொன்னா அது மூத்த பொண்ணு,” என்றாள் மார்ஜரி. “அந்தக் காலத்து வழக்கம். அக்கா இருக்கிற வரைக்கும் தங்கச்சி மிஸ் லெட்டிதான்.”

“அதெல்லாம் யாரு கவனிக்கப் போறா? நீங்க ஊசியப் பாருங்க. அதையாவது ஒழுங்காப் பிடிங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மார்ஜரிக்குக் காது மடல்வரை எரிந்தது.

கேமரா ஓடியது. பெண்ணின் தகப்பனார் முன் மாப்பிள்ளை வந்து நின்றான். “மிஸ் ஹால்ஸ்டெட்டை எனக்குத் திருமணம் செய்து தரவேண்டும், ஐயா.”

மார்ஜரி தையலை வைத்துவிட்டு எழுந்தாள். “எனக்குச் சம்மதம்,” என்றாள்.

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். தகப்பனாராக நடித்த கிழவர் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் குலுங்கினார். விளக்குப் பிடித்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மார்ஜரிக்கு மனசு குளிர்ந்தது.

பியர்ஸ் கத்தவில்லை. வசனகர்த்தாவைத் தனியே அழைத்துப்போய்ப் பேசிவிட்டு, தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தான்.

“நீங்க சொன்னது சரிதான் மார்ஜரி. அக்கா இருக்கிற வரைக்கும் தங்கச்சி மிஸ் லெட்டி. அக்கா செத்துட்டா?”

மார்ஜரிக்குப் பதில் தெரியும்: அப்போது தங்கைதான் மிஸ் ஹால்ஸ்டெட்.

“கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அக்கா காய்ச்சல்ல போயிட்டாள்னு மாத்தியாச்சு. உங்கள வச்சு எடுத்ததெல்லாம் தையல்தானே, தூக்கிடலாம். உங்களுக்குக் கார் சொல்லியாச்சு. போறதுக்கு முன்னாடி அந்த ஜன்னல்கிட்ட நில்லுங்க. வரவேற்பறையில மாட்ட இறந்துபோன அக்கா படம் ஒண்ணு வேணும்.”

டாம்சின் வாயைப் பொத்திக்கொண்டாள். மார்ஜரி ஜன்னலருகே போய் நின்றாள். அத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கேமரா வந்ததில்லை.