வெர்லீன் வாங்கிய புகையடுப்பு

கடைக்காரன் சிரித்தது வெர்லீனைப் பார்த்து; பேசியதெல்லாம் அவள் தம்பி ராய்ஸிடம். டெக்சஸில், கறியைப் புகையிலேயே வேகவைக்கும் இந்தப் புகையடுப்புகளை விற்கிறவர்களுக்கு இது பிறவிக் குணம். ஒரு பெண் உள்ளே வந்தால், சாலட் கிண்ணம் வாங்கப் போனவள் வழி தவறி வந்துவிட்டாள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

"சார், முதல் அடுப்புன்னா இதை எடுங்க. கரண்டுல ஓடுது. பட்டனைத் தட்டிட்டுப் போய்த் தூங்கிடலாம். மேடம்கூட சமாளிச்சிருவாங்க."

அந்த 'கூட' வெர்லீனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"வாங்கப் போறது நான். சமைக்கப் போறதும் நான். இவன் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவன். என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

"அக்கா, ஏன் எரிஞ்சு விழுற?" என்றான் ராய்ஸ். "அவர் நல்லதுக்குத்தான் சொல்றாரு. விறகு அடுப்புன்னா ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காரணும். உன்னால ஆகுமா?"

உன்னால ஆகுமாவாம்! கல்யாணமான வருடத்திலிருந்து புருஷன் டொயலின் அடுப்புக்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஓக் கட்டையைத் தள்ளித் தள்ளி, புகையில் கண் வீங்கியவள் யார்? டொயல் செய்தது இரண்டே வேலைதான். சாயங்காலம் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு நெருப்பைப் பற்றவைப்பான். எல்லோரும் பீர் கேனைத் தூக்கிக் காட்டி ஆரவாரம் செய்வார்கள். பிறகு போய்ப் படுத்துவிடுவான். மறுநாள் மதியம் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, வெந்த மாட்டு நெஞ்சுக்கறியைக் கத்தியால் வெட்டிப் பரிமாறுவான். அங்கே அது எழுதாத சட்டம்: நெருப்பு வைத்தவன் பெயர்தான் கறிக்கு. ஊரே அதை 'டொயல் கறி' என்றது. விவாகரத்தில் சாமான்களைப் பிரித்தபோது, "அடுப்பு அவரோடதுதானே?" என்று அவளுடைய வக்கீலே எடுத்துக் கொடுத்தான். அடுப்பு டொயலோடு போய்விட்டது.

மின்சார அடுப்புகளைத் தாண்டிப் போனாள். கேஸ் அடுப்புகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பளபளவென்று இருந்த ஒன்றை விரல் முட்டியால் தட்டினாள். தகர டப்பா போலச் சத்தம் வந்தது. வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்தால் இதில் சூடு நிற்காது. கடைசி வரிசையில், பக்கவாட்டில் விறகு எரிக்கிற நெருப்புப் பெட்டி வைத்த கறுப்பு இரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. மூடியைத் தூக்கினாள், தோள் வரைக்கும் கனத்தது. டொயலுடையதைவிடச் சிறியதுதான். ஒரு நெஞ்சுக்கறியும் இரண்டு கோழியும் தாராளமாகப் போகும். அவளுக்கு அது போதும்.

"இது," என்றாள்.

"அது ஆம்பளைங்க கையாளுற..." என்று தொடங்கினான் கடைக்காரன்.

"பில்லைப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஊர் கூடும் விருந்து. இந்த வருடம் சாலட் கொண்டு வர மாட்டேன், கறிதான் கொண்டு வருவேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் புது இரும்பைப் பழக்க வேண்டும்: உள்ளே எண்ணெய் தடவி, கறி வைக்காமல், சின்ன நெருப்பை நிதானமாக எரிய விட வேண்டும். "வெள்ளிக்கிழமை ஸ்கூல் பஸ் ஓட்டி முடிச்சுட்டு வந்து நானே பத்தவைப்பேன்," என்று ராய்ஸிடமும் சொன்னாள். அந்த வாரம் பஸ் ஓட்டும்போதெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சல்கூட உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தெரு முனை திரும்பும்போதே புகை தெரிந்தது. அவள் வீட்டுப் பின்கட்டிலிருந்து.

ஓடினாள். ராய்ஸும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஐஸ் நிரப்பிய பீர்ப் பெட்டி. வாய் கொள்ளாமல் கட்டையைத் திணித்து வைத்ததில் நெருப்பு காட்டுத்தனமாக எரிந்தது. நெருப்புப் பெட்டியின் கறுப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உரிந்து தொங்கியது.

"வாக்கா, வா!" என்று ராய்ஸ் எழுந்தான். "உனக்கு எதுக்குச் சிரமம்னு நாங்களே பழக்கி விட்டுட்டோம்."

பக்கத்தில் இருந்த தடியன் அவன் முதுகில் தட்டினான். "ஞாயித்துக்கிழமை உன் கறியச் சாப்பிட இப்பவே நாக்கு ஊறுது ராய்ஸு."

"வந்துருடா, அசத்திரலாம்," என்றான் ராய்ஸ்.

வெர்லீன் சுவரோரம் சாய்த்திருந்த மண்வாரியை எடுத்தாள். நெருப்புப் பெட்டியின் கதவை உதைத்துத் திறந்தாள். எரிகிற கட்டையையும் தணலையும் சேர்த்து ஒரு வாரி அள்ளி, பீர்ப் பெட்டிக்குள் கொட்டினாள். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தடியன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான்.

"அக்கா! பைத்தியமா உனக்கு?"

இன்னொரு வாரி. பெட்டியின் பிளாஸ்டிக் உருகிக் குழைந்தது. ஒரு கேன் வெடித்து, நுரை ராய்ஸின் பூட்ஸ் மேல் வழிந்தது. கூட்டாளிகள் தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினார்கள்.

"சும்மா காலி அடுப்புக்கா!" என்று கத்தினான் ராய்ஸ். "ஒரே ஒரு தடவை பத்தவைச்சோம். இதுக்கப்புறம் எல்லாத்தையும் நீதானே பாத்துக்கப் போற?"

"அதுக்கப்புறம் உள்ளதை எல்லாம் பாத்தாச்சுடா! ஆயுசுக்கும் அதை மட்டும்தானே பாத்தேன்! கட்டை தள்ளினேன், சாம்பல் அள்ளினேன், கரியச் சுரண்டினேன். பண்ணாதது இந்த ஒண்ணுதான். இந்த ஒண்ணுக்காகத்தான்டா இதை வாங்கினேன்!"

அவள் குரல் உடைந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ராய்ஸ் தரையைப் பார்த்தான். "சரி விடு. நாளைக்கு நீயே பத்தவை. யாரும் வர மாட்டோம்."

"வைப்பேன்," என்றாள் வெர்லீன், கடைசித் தணலை அள்ளிக்கொண்டே. "ஆனா அது ரெண்டாவது நெருப்புடா."