செவலையின் தவக்காலம்

ஏலாக்குறிச்சி லீலா மேரி டீச்சர் வீட்டுச் செவலை இதுவரை ஒரு மனுஷரையும் கடித்ததில்லை. தெருப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துப்போகும். இன்னொரு நாய் கண்ணில் பட்டால்தான் வம்பு. அது குட்டியா, கிழடா, தன் பாட்டுக்குப் படுத்துக் கிடக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. நேரே கழுத்துக்குப் பாய்ந்துவிடும்.

இப்படிப்பட்ட நாய்க்கு இதைவிட மோசமான ஊர் வாய்த்திருக்க முடியாது. அடைக்கல மாதா கோயிலுக்கு பஸ் பஸ்ஸாக ஜனம் வருகிறது. வந்தவர்கள் மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, மிச்சத்தை அங்கேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதை நம்பி ஒரு நாய்ப் பட்டாளமே கோயிலைச் சுற்றிக் குடித்தனம் நடத்துகிறது. டீச்சர் வீடு கோயிலுக்கு இரண்டாவது தெரு.

போன வருஷம் முந்திரி சீசன் முடிந்த சமயம், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது லீலா மேரி அதைக் கண்டெடுத்தாள். ஆளில்லாத முந்திரித் தோப்பில், காவல் கொட்டகையின் கம்பத்தில் கட்டுக்கம்பியால் கட்டப்பட்டுக் கிடந்தது. கொட்டை பொறுக்கி முடிந்ததும் காவலுக்கு இருந்தவர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். நாயை அவிழ்த்துவிடக்கூட அந்தப் புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை. கம்பி கழுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. தினமும் ஜெபமாலை சொல்லும் லீலா மேரி அவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

புண் ஆற மூன்று மாதமானது. உடம்பில் தெம்பு வந்ததும் சண்டை ஆரம்பித்தது. கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை அவள் கணவர் ஆரோக்கியசெல்வம் ஏற்றுக்கொண்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து கூட்டத்தை அதட்டி ஏற்றி இறக்கியவருக்கு ஒரு நாயை அடக்குவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. எதிரே நாய் வந்தால் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி இழுத்துப் பிடித்து, ஒரு அதட்டுப் போடுவார். அவர் இழுக்க இழுக்க அதற்கு வெறி கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் கருப்பண்ணனின் குட்டியானை வண்டியில் ஏற்றி, அரியலூரில் இருக்கும் மாட்டு டாக்டர் தமிழ்மொழியிடம் கொண்டுபோனார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. செவலையின் கழுத்தில் முடி முளைக்காத வளையத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“இது ரவுடி இல்லங்க டீச்சர், பயந்தாங்கொள்ளி. கட்டிக் கெடந்தப்ப நாய்க் கூட்டம் வந்து கடிச்சிருக்கும். ஓட வழியில்ல. அதான் இப்ப இது முந்திக்குது. நீங்க கயித்த இழுக்குறப்பல்லாம், நாய் வந்தா கழுத்து வலிக்கும்னுதான் அதுக்குப் புரியுது.”

பிறகு வழி சொல்லிக் கொடுத்தாள். இன்னொரு நாய் தெரிய வேண்டும், ஆனால் செவலை உறுமாத தூரத்தில் தெரிய வேண்டும். கயிறு தொளதொளவென்று இருக்க வேண்டும். அந்த நாயைப் பார்த்த உடனே, செவலை எதற்கு உயிரை விடுமோ அந்தத் தீனியை வாயில் வைக்க வேண்டும். நாய் மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிட்டே போக வேண்டும். இரண்டும் கூடிக் குலாவத் தேவையில்லை, ஒன்றையொன்று சும்மா கடந்துபோனால் போதும். ஒரு நாள்கூட விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

செவலை உயிரை விட்டது கோழி ஈரலுக்கு. பொங்கல் கழிந்து ஆரம்பித்தார்கள். பின்தெரு ஆண்டாயி பன்னிரண்டு ஆடு வைத்துத் தனியாகப் பிழைக்கிறவள். கொள்ளிடக் கரையில் மேய்ப்பாள். அவளுடைய ஆடுகளுக்குக் காவல் வெள்ளையன் என்கிற நாய். தினமும் சாயங்காலம் வெள்ளையன் தெரிகிற தூரத்தில் லீலா மேரி செவலையோடு போய் நிற்பாள். கையில் வேகவைத்த ஈரல் டப்பா. தூரத்தை ஆரோக்கியசெல்வம் தன் பாஷையில் ஸ்டேஜ் ஸ்டேஜாகச் சொல்லுவார். முதல் நாள் ஒரு வயல் தள்ளியே உறுமியது. ஒரு மாதத்தில் இரண்டு பஸ் நீளத்துக்கு வந்துவிட்டது. ஒருநாள் வெள்ளையனைப் பார்த்த செவலை, தானாகவே தலையைத் திருப்பி லீலா மேரியின் கையைப் பார்த்தது. அவள் கரையில் நின்றபடியே வெட்கமில்லாமல் அழுதாள்.

அப்போதுதான் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது.

தவக்காலத்தின் நாற்பது நாளும் லீலா மேரி வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஊரில் பலருக்கு அது வழக்கம், இவளுக்கு நேர்ச்சை. மகன் அருள் பிரகாஷுக்கு ஏழு வயதாயிருந்தபோது, ஒரு தவக்காலத்தில் அவன் கறிக்குழம்பு கேட்டு அடம்பிடித்தான். பிள்ளைதானே என்று வைத்துக் கொடுத்தாள். அன்றைக்கே காய்ச்சல் கண்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தான். உயிரோடு இருக்கும்வரை நாற்பது நாளில் என் வீட்டுக்குள் கவிச்சி நுழையாது என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான். இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். இருபத்திரண்டு வருஷமாக அவள் வார்த்தை தவறவில்லை.

ஈரல் போனால் என்ன, தீனி தீனிதானே என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில், நாய்க்கும் நாற்பது நாள் கட்டுப்பாடு நல்லதுதான் என்றுகூடத் தோன்றியது. வறுத்த வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, பிஸ்கட் என்று டப்பாவை நிரப்பினாள். அது இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லையே என்று ஆரோக்கியசெல்வம் கிண்டல் செய்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் யார் கிண்டல் செய்தாலும் அவளுக்கு அந்தப் பதினோரு நாள்தான் ஞாபகம் வரும்.

வீட்டில் பிஸ்கட்டை வாங்கித் தின்ற செவலை, கரையில் வெள்ளையனைப் பார்த்ததும் அதைத் துப்பியது. நாலே நாளில் இரண்டு பஸ் நீளம் ஐந்தானது. மூன்றாம் வாரம் கோயில் சுவர் முக்கில் திரும்பும்போது வெள்ளையன் திடீரென்று எதிரே வந்துவிட்டது. பதறிப்போய் லீலா மேரி கயிற்றை இழுத்தாள். எதைச் செய்யவே கூடாதென்று டாக்டர் சொன்னாளோ அதைத்தான் அந்தக் கை முதலில் செய்தது. மறுநொடி கயிறு கையை அறுத்துக்கொண்டு போனது. கூட வந்த ஆரோக்கியசெல்வம் குழாயடியில் இருந்த குடத்துத் தண்ணீரைக் கொட்டிப் பிரிப்பதற்குள் வெள்ளையனின் காது கிழிந்துவிட்டது. இரண்டுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்ததால் அந்தப் பயம் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஆண்டாயி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“எனக்கு உங்க மேல கோவம் இல்லீங்க டீச்சர். காதுக்குத் தையல் போட்டுக் குடுத்தீங்க, சரி. ஆனா வெள்ளையன் கட்டுலுக்கு அடியிலயே கெடக்குது. ஆட்டுக்குப் பின்னால வர மாட்டேங்குது. நேத்து ஒரு குட்டிய கோயில் நாயிங்க இழுத்துட்டுப் போயிடுச்சு. நான் என்னங்க பண்ணுவேன்?”

கருப்பண்ணன் அவளுக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துவந்து, செவலையை அரியலூருக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய குழிப் பக்கம் விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அங்கே திரியும் நாய்க் கூட்டத்தில் செவலை ஒரு நாள் தாங்காது என்பது ஆண்டாயிக்கும் தெரியும், இவர்கள் இருவருக்கும் தெரியும். லீலா மேரி, ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்து ஞாயிறு வரை தவணை கேட்டாள். அதுவரை வெள்ளையன் கிளம்பாத நாளெல்லாம் ஆரோக்கியசெல்வம் தடியோடு ஆட்டுக்குப் பின்னால் போவார் என்றும் சொன்னாள். அவரைக் கேட்காமலேதான் சொன்னாள். ஆண்டாயி சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

டாக்டருக்கு போன் போட்டதில், அவள் முதலில் கேட்ட கேள்வி: என்ன தீனி கொடுக்கிறீர்கள்? பிஸ்கட் என்றாள் லீலா மேரி. ஈரல் என்ன ஆனது என்று டாக்டர் கேட்டதும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

ஆரோக்கியசெல்வம் தன்னிஷ்டத்துக்குப் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நோன்பு மனிதருக்குத்தான், நேர்ச்சையைத் தருமமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சாமியார் சொன்னதாகச் சொன்னார். அதுவும் பிடிக்காவிட்டால் கொல்லையில் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம், வீட்டுக்குள்தானே கூடாது என்று ஒரு சந்தும் கண்டுபிடித்து வைத்திருந்தார். மாதாவிடமும் டிக்கெட் இல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறீர்களா என்று அவள் ஒரு வாங்கு வாங்கினாள். உடைத்தால் வாக்கை நேராக உடைக்க வேண்டும், இல்லையென்றால் உடைக்கவே கூடாது. அவள் புத்தி அப்படித்தான்.

அன்று மத்தியானம் கொல்லையில் செவலையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது தலையை அவள் மடியில் வைத்துத் தூங்கியது. கழுத்து வளையத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்றோ ஒரு கெட்ட நாளில் கற்றுக்கொண்டதை இந்த ஜீவனால் விட முடியவில்லை. வெள்ளையன் ஒரு தீங்கும் செய்யவில்லை என்றாலும் அதற்குப் பழைய தோப்புதான் தெரிகிறது. தனக்கும் அப்படித்தானோ என்று தோன்றியபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வருஷம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வார்டு முழுக்கப் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். அத்தனை வீட்டிலும் கறிக்குழம்பா வைத்திருப்பார்கள்? இது இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த விஷயம். தெரிந்தும் பயம் போகவில்லை. இப்போதும் போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிழமையையும் பார்க்காமல், கறுப்புப் பையில் அரைக் கிலோ ஈரலைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடந்து வந்தாள். கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். தன் அடுப்பில், தன் சட்டியிலேயே வேகவைத்தாள். வாசனை கூடம் வரைக்கும் போனது. கரண்டி இரண்டு முறை கீழே விழுந்தது. மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று, “பிள்ளையயும் பாத்துக்க, இதயும் பாத்துக்க. எனக்கு வேற வழி தெரியல” என்றாள்.

மறுபடி ஒரு வயல் தூரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஆண்டாயியின் கையிலும் ஒரு ஈரல் டப்பா. கட்டிலடியை விட்டு வெளியே வர வெள்ளையனுக்கும் காரணம் வேண்டுமே. முதல் ஒரு வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நடுங்கின. பிறகு இரண்டு டப்பாவும் காலியாகும் வேகம் கூடியது. லீலா மேரி இரண்டு வாரமும் தினம் பல தடவை மஸ்கட்டில் என்ன மணி என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு போன் போட மட்டும் தைரியம் வரவில்லை. ஞாயிறுதோறும் அவன் கூப்பிடும்போதும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கணவரிடம் கொடுத்துவிட்டாள்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம், கரைமேல் ஒற்றையடிப் பாதையில் ஆண்டாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். பின்னால் வெள்ளையன். லீலா மேரி பாதையை விட்டு நாலு எட்டு இறங்கி நின்றுகொண்டாள். அவ்வளவுதான் இடைவெளி. செவலையின் முதுகு விறைத்தது.

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பையில் போன் அடித்தது. மகனுக்கென்று வைத்திருந்த மணி. ஞாயிறு தவிர அவன் கூப்பிடுகிறவன் இல்லை.

பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் தாமாக இறுகத் தொடங்கின. செவலையின் தொண்டையில் உறுமல் கிளம்பியது அவள் கைக்குத் தெரிந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கயிற்றைத் தொங்கவிட்டாள். அதைப்போல ஒரு கஷ்டமான காரியத்தை அவள் அதற்கு முன் செய்ததில்லை.

செவலை வெள்ளையனைப் பார்த்தது. கயிறு இழுக்கவில்லை, கழுத்தும் வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று புரியாமல் நின்றது. பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. ஈரலை எடுத்து அதன் வாயில் வைத்தாள், இன்னொன்று, இன்னொன்று. ஆடுகள் போயின. வெள்ளையன் ஒட்டுப்போட்ட காதைச் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே போனது. சற்றுத் தள்ளிப் போய் ஆண்டாயி திரும்பி நின்றாள்.

“டீச்சர், வண்டி வேணாம்னு அண்ணங்கிட்ட சொல்லிடுறேன்.”

லீலா மேரி ஈரல் டப்பாவை மூடினாள். போன் நின்று மறுபடி அடித்தது. எடுத்தாள். இன்றைக்கு ஓவர்டைம் இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றான் அருள் பிரகாஷ். நாலு வார்த்தைக்குப் பிறகு, எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுபோல, வீட்டில் என்ன சமையல் என்று கேட்டான்.

“ஈரல்” என்றாள்.

“தவக்காலமாச்சேம்மா. நம்ம வூட்டுலயா?”

“நம்ம வூட்டுலதான். ரெண்டு வாரமா, செவலைக்கு. நீ நல்லா இருக்கியாப்பா?”

“நல்லாத்தாம்மா இருக்கேன். எனக்கென்ன?”

அவள் கரைச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றாள்.